‘ஃபுட்ஃபால்’: வரவா, நடமாட்டமா, கடப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

கடைக்கு வருவோரை எண்ணும் சென்சார்களுக்கான நம் கலைச்சொல் பட்டியலில், ‘ஃபுட்ஃபால்’ (கடைக்கு வருவோர் எண்ணிக்கை) என்பதற்கு ‘காலடி வரவு’ வேண்டாம். வேலூர் லாங் பஜார் கடையில் ‘இன்றைய வரவு 340’ என்று திரையில் காட்டினால், கல்லாவில் இருப்பவர் அதை ரூபாய்க் கணக்காகத்தான் படிப்பார்.

சென்சார் எதை அளக்கிறதோ அதையே சொல்லும் குறிக்கட்டும். மலிவான பிஐஆர் (உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரை உணரும் சென்சார்) ஆளை எண்ணுவதில்லை. வெப்பம் அசைவதை மட்டுமே உணர்கிறது. ஒருமுறை தூண்டப்பட்டால் சில நொடி அப்படியே நிற்கும். அதற்குள் குடும்பமே நுழைந்தாலும் கணக்கு ஒன்றுதான். அக்னி நட்சத்திரத்தில் கடைக்குள் காற்று உடல் சூட்டை நெருங்கும்போது ஆளையே தவறவிடும். ஆகவே அது தருவது ‘நடமாட்டம்’.

வாசலில் கீழ்நோக்கி வைக்கும் விஎல்53எல்1எக்ஸ் (VL53L1X) வேறு வகை; லேசர் ஒளியை அனுப்பித் தொலைவை அளக்கும் சென்சார் அது. அதன் பார்வையைத் தெருப்பக்கம், உள்பக்கம் என இரண்டாகப் பிரித்து, எது முதலில் மறைகிறது என்று பார்த்தால் திசை கிடைக்கும். இதற்குக் ‘கடப்பு’ என்பேன்: உட்கடப்பு, வெளிக்கடப்பு.

ஒரு எச்சரிக்கை. பார்வைக் கோணம் 27 பாகைதான். 2.4 மீட்டர் உயரத்தில் மாட்டினால், தலை மட்டத்தில் 40 செ.மீ. அகலம்கூடத் தேறாது. நாலடி வாசலுக்குக் குறைந்தது மூன்று சென்சார் வேண்டும். எல்லாம் ஒரே ஐ2சி முகவரியோடு (கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வொரு சென்சாரையும் அழைக்கும் எண்) வருவதால், சென்சாரை அணைத்து எழுப்பும் எக்ஸ்ஷட் (XSHUT) என்ற இணைப்பு முனையை வைத்து ஒவ்வொன்றாக எழுப்பி முகவரியை மாற்றுங்கள். இரண்டு சென்சாரின் எல்லையில் நடப்பவர் இருவராகப் பதிவார். அரை நொடிக்குள் வந்தவற்றை ஒன்றாக்கினால் அது தீரும். ஆனால் தோளோடு தோள் உரச வரும் இருவர் ஒருவராகிவிடுவார்கள். கூட்டம் நெருக்கும் கடையில் இணைக்காமல் விடுவதே மேல்.

———

ஐயா, ‘கடப்பு’ எனக்கும் சம்மதம். ‘ட்வெல் டைம்’ (வாடிக்கையாளர் ஓரிடத்தில் தங்கும் நேரம்) என்பதற்கு ‘நிற்கும் நேரம்’ என்று பட்டியலில் இருக்கிறதே, அதையும் மாற்ற வேண்டும். ஆரணிப் பட்டுக்கடையில் யார் நிற்கிறார்கள்? பாயில் உட்கார்ந்து, விரித்த சேலையின் முந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போதாததற்கு, தூண்டப்பட்டபின் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று பிஐஆரில் வைக்கும் திருகாணியையும் சிலர் ‘நிற்கும் நேரம்’ என்றே எழுதுகிறார்கள். ‘தரிப்பு’ என்றால் நிற்பதும் உட்காருவதும் அடங்கும்.

அசையாமல் உட்கார்ந்தவரைப் பிஐஆர் காணாது என்பதால், தரிப்பை அளக்கப் பாய்க்கு நேர் மேலே தொலைவு சென்சார்தான் சரி. வெறும் பாயின் தொலைவை முதலில் பதிந்துகொண்டு, அதைவிட 30 செ.மீ. குறைந்தால் மட்டும் ஆள் என்று கொள்ளுங்கள். இல்லையென்றால் குவிந்த சேலையும் தரிப்பாகிவிடும்.

கடைப் பையன்கள் போய்வரும் கடப்பைக் கழித்தபின் மிஞ்சும் எண்ணுக்கு ‘நிகரக் கடப்பு’ சரிவருமா?