பிரிகிறோம், கூட்டு வீட்டுக் கடனிலிருந்து ஒருவர் பெயரை எடுப்பது எப்படி?

பெங்களூரு கே.ஆர்.புரத்தில் எங்கள் இருவர் பெயரிலும் ஒரு ஃப்ளாட். 2019-இல் 48 லட்சம் கடன், 20 வருடம். இன்னும் 40 லட்சத்துக்கு மேல் பாக்கி. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போட்டாகிவிட்டது. வீடும் மீதிக் கடனும் எனக்கு என்று பேசி முடித்தோம். அதில் சண்டை இல்லை.

சிக்கல் வங்கியில்தான். கணவர் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்து கொண்டுவந்தால் அவர் பெயரை எடுப்பதைப் பார்க்கலாம் என்கிறார்கள். பத்திரம் எழுதுபவரோ, அடமானத்தில் இருக்கிற வீடு, வங்கியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) இல்லாமல் எழுத மாட்டேன் என்கிறார். என் சம்பளத்துக்கு மட்டும் தகுதி பார்த்தார்கள், கொஞ்சம் இடிக்கிறது. அப்பாவைச் சேர்க்கலாமென்றால் வயது 67, முடியாதாம். கடனை வேறு வங்கிக்கு மாற்றக் கேட்டேன். அங்கும் முதலில் பத்திரம் என் பெயரில் வேண்டுமாம். வக்கீல், “ஆர்டர் வரட்டும்மா” என்பதோடு சரி.

நாங்கள் என்ன பேசிக்கொண்டாலும் வங்கிக்கு இருவருமே பொறுப்பு. போன மாதம் தவணை திரும்பியபோது இருவர் போனிலும் ஒரே மெசேஜ். சிபிலும் இருவருக்கும்தான் அடிவாங்கும்.

கர்நாடகாவில் இப்படி வீட்டை ஒருவர் பெயருக்கு மாற்றியவர்கள் சொல்லுங்கள்: என்ஓசி, விடுதலைப் பத்திரம், கோர்ட் ஆர்டர், இதில் எதை முதலில் வாங்கினீர்கள்?