கழற்றி மாட்டக்கூடியதுதானே என்று கை வைத்தால்

பச்சைரோட்ஸ்டர்:
என்னுடையது 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர், திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மூன்று ஆண்டு உழைத்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்டுவிட்டேன். இனி ஓட்ட ஆசை. நான்கு மாற்றங்கள் மனத்தில் இருக்கின்றன: எலக்ட்ரானிக் இக்னிஷன், ஆல்டர்னேட்டர், பின்பக்கம் டெலஸ்கோபிக் ஷாக் அப்சார்பர், ஐந்து கியர் பெட்டி. எல்லாவற்றையும் பிறகு கழற்றிவிடலாம். ஆட்சேபம் உண்டா?

பழையகணக்கு:
உண்டு. 'பிறகு கழற்றலாம்' என்று மாட்டியவர்களில் கழற்றியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அசல் பாகங்கள் அட்டைப்பெட்டிக்குப் போகும், வீடு மாறும்போது பெட்டி தொலையும், பிறகு கார் கைமாறும். நான் வாங்கிய காரில், பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது. உள்ளே, தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் உட்காரும் தட்டைக் காணவில்லை.

கிரீஸ்கை:
பெட்டியைத் தொலைத்தது ஆள், எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் அல்ல. அது டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அடங்கிவிடும், வெளியே தெரியாது. பாயிண்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறதா? கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது, தீப்பொறி விழும் டைமிங் பின்தங்குகிறது. மறுபடி இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜோடு குனிய வேண்டும். எனக்கு முதுகு வலி போதும்.

பழையகணக்கு:
மாட்யூலோடு நின்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். அவர் ஆல்டர்னேட்டரும் கேட்கிறாரே! 1965 கார் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் உடலோடு இணைந்திருக்கும். வழக்கமான ஆல்டர்னேட்டருக்கு அதை நெகட்டிவ்வாக்க வேண்டும். எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் என்ன ஆகும்? அது எலக்ட்ரானிக் வகை. திறந்து உள் இணைப்புகளை மாற்றிச் சாலிடர் வைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அறுபது ஆண்டு மூடியே கிடந்த கருவிக்குள் சூடான இரும்பை நுழைத்துவிட்டு, இதுவும் திரும்பக்கூடியதுதான் என்பீர்களா?

கிரீஸ்கை:
சாலிடரையும் திரும்ப எடுக்கலாம் ஐயா. ஆனால் கருவியைத் திறக்கும்போது கண்ணாடியைப் பிடிக்கும் வளையம் நசுங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கே நசுங்கியிருக்கிறது.

திருப்புளி:
ஆல்டர்னேட்டர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே. ஆல்டர்னேட்டரின் இடத்தில் மின்சாரம் தயாரிக்கும் அசல் டைனமோ தருவது 22 ஆம்பியர். முகப்பு விளக்கும் வைப்பரும் மட்டுமென்றால் அது போதும். மின்விசிறி, பெரிய விளக்கு என்று அடுக்கினால்தான் திணறும். ஒரு மாற்றம் இன்னொன்றைக் கூட்டிவருவது இப்படித்தான்.
பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு என் ஓட்டு உண்டு. நெம்புகோல் கையால் இயங்கும் பழைய லீவர் வகை இருந்த துளைகளிலேயே பிராக்கெட்டை போல்ட் போடும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். துளையிடச் சொல்லும் செட்டைத் தொடாதீர்கள். முன்பக்கத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அங்கே லீவர் ஷாக்கின் கையே சஸ்பென்ஷனின் மேல் கை. அது வேறு கதை.

பச்சைரோட்ஸ்டர்:
கியர்பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே? நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுகிறது.

பழையகணக்கு:
கியர்பெட்டியை மூடியிருக்கும் சுரங்கத் தகட்டை ஓரிடத்தில் வெட்டினாலும் திரும்பும் வழி அடைபட்டது. வெட்டாமல் பொருந்துகிறது என்று விற்பவர் எழுதித் தரட்டும், பிறகு பேசலாம். அலறல்தான் குறையென்றால் தொழிற்சாலையே அதற்கு மருந்து வைத்திருந்தது: உங்கள் மாடலுக்கு ஓவர்டிரைவ் கூடுதல் வசதியாகக் கிடைத்தது. மூன்றாவது, நான்காவது கியரில் போட்டால் எஞ்சின் சுற்று சுமார் 20 சதவீதம் இறங்கும். அதை மாட்டினால் நான் கைதட்டுவேன்.

கிரீஸ்கை:
அசல்வாதியே மாற்றம் சொல்கிறார்! இதைக் குறித்து வையுங்கள்.

பழையகணக்கு:
அந்தக் காலத்து வசதி மாற்றம் ஆகாது தம்பி. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டுரின் சாசனமும் கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதில்லை. பிற்கால மாற்றம் தவிர்க்க முடியாததென்றால் அடக்கமாக, திரும்ப எடுக்கும்படி இருக்கட்டும், கழற்றிய அசல் பாகங்கள் காரோடு இருக்கட்டும் என்கிறது. நான் கேட்பதும் அந்த அட்டைப்பெட்டியைத்தான்.

பச்சைரோட்ஸ்டர்:
சரி. டைனமோவும் பாசிட்டிவ் எர்த்தும் அப்படியே இருக்கட்டும். அதற்கேற்ற மாட்யூலாகக் கேட்டு வாங்குகிறேன். பின்பக்க ஷாக் மாறும். ஐந்து கியர் வேண்டாம், ஓவர்டிரைவ் உள்ள பழைய பெட்டி தேடுகிறேன். கழற்றும் லீவர் ஷாக்குகளை எப்படி வைப்பது?

பழையகணக்கு:
எண்ணெயை வடிக்காதீர்கள். காரில் நின்ற அதே நிலையில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டால் உள்ளே காற்று புகும். எது இடம், எது வலம் என்று துணிச்சீட்டு கட்டுங்கள். காகிதம் எண்ணெயில் ஊறிப்போகும்.