துபாய் பையரோட எக்ரிமென்ட், ஆர்பிட்ரேஷனுக்கு எந்த இடம் போடுறது?

நிலாவெளியான்:
வணக்கம். நாங்க திருகோணமலையில இருந்து நண்டும் கணவாயும் துபாய்க்கு அனுப்புறம், இவ்வளவு நாளும் வாட்ஸ்அப்லயே ஓடர் எடுத்து ஓடினது, இப்ப பையர் எக்ரிமென்ட் எண்டு ஒண்டு அனுப்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில "பிணக்கு வந்தால் ஆர்பிட்ரேஷன், வென்யூ துபாய்" எண்டு ஒரு வரி, அதாவது கோர்ட்டுக்குப் போகாம நடுவரை வைச்சுத் தீர்க்கிறதாம், வேற ஒண்டும் இல்ல. ஒருத்தர் சிங்கப்பூர் நல்லம் எண்டுறார், இன்னொருத்தர் லண்டன் எண்டுறார், கொழும்பு எண்டா எங்களுக்கு லேசுதானே? ஒரு லோட் காசு நிண்டா சமாளிப்பம், ரெண்டு நிண்டா கஷ்டம்.

கப்பல்துறை:
தம்பி, வென்யூ, அதாவது எங்க போய் இருந்து கதைக்கிறது எண்டது சின்ன விசயம், அதை சூமிலயும் வைக்கலாம். சீட் எண்டு எந்த ஊரைப் போடுறீங்களோ அந்த ஊர்க் கோர்ட்தான் மேல நிண்டு பாக்கும், அவார்டை, அதாவது நடுவர் தீர்ப்பை, தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேக்குறதும் அங்கதான். உங்கட வரியில சீட் எண்டே இல்ல, இந்தியாவில இந்த வென்யூ-சீட் சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. அதோட துபாய்க்குள்ளயே ரெண்டு துபாய் இருக்கு. நகரத்துக் கோர்ட்ல அரபிதான், பேப்பரெல்லாம் மொழிபெயர்க்கோணும். டிஐஎஃப்சி எண்ட நிதி மையத்துக்குத் தனிச் சட்டம், தனிக் கோர்ட், அங்க இங்கிலிஷ். எது எண்டு எழுதாம விட்டா, நண்டுக் காசைக் கதைக்க முதல் அதுக்கே ஒரு வழக்கு.

உட்துறைமுக அக்கா:
கொழும்பு பிழையில்ல. இலங்கையின்ட 1995ஆம் ஆண்டு 11ஆம் இலக்க ஆர்பிட்ரேஷன் சட்டம் நல்ல சட்டம்தான், ஆனா லேசு எண்டு நினைக்காதீங்க, அவார்டை எதிர்க்கிறதோ அமுல்படுத்துறதோ கொழும்பு ஹைகோர்ட்லதான், திருகோணமலைக் கோர்ட்ல இல்ல. முக்கியமா, பையர்ட காசு எங்க கிடக்கு? துபாய் பேங்க்ல. எங்க வெண்டாலும் கடைசியில அங்கதான் கொண்டுபோகோணும். வெளிநாட்டு அவார்டை ஏத்து அமுல்படுத்துற நியூயோர்க் உடன்படிக்கையில இலங்கை 1962லயே சேர்ந்தது, எமிரேட்ஸ் 2006ல சேர்ந்தது, அதால கொழும்பு அவார்டும் அங்க செல்லும். ஆனா பையர் கொழும்புக்கு ஓம் எண்ட மாட்டார், நீங்க துபாய்க்கு ஓம் எண்டத் தேவையில்ல, அதுதான் ஆக்கள் மூண்டாம் நாட்டுக்குப் போறது.

கணக்குப்பிள்ளை:
லண்டனை விடுங்க, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். மூண்டாம் நாடு எண்டா என்ர வோட் சிங்கப்பூர். அங்கத்தைய சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையம், எஸ்ஐஏசி, 2025 சனவரி 1இல இருந்து புது ரூல்ஸ் கொண்டு வந்திருக்கு, பிணக்கு பத்து இலட்சம் சிங்கப்பூர் டொலருக்கு மேல போகாட்டி ஒரே ஆர்பிட்ரேட்டர், மூண்டு மாசத்தில அவார்ட், ஃபீஸ் உச்ச வரம்பும் பாதி. மூண்டு ஆர்பிட்ரேட்டர் எண்டு மட்டும் பெருமைக்கு எழுதிப்போடாதீங்க, மூண்டு பேரின்ட ஃபீசும் கட்டோணும்.

நிலாவெளியான்:
அப்ப சிங்கப்பூர் போட்டா சட்டமும் சிங்கப்பூர்ச் சட்டமோ?

உட்துறைமுக அக்கா:
இல்ல, அது வேற. சீட் சிங்கப்பூர், ஒப்பந்தத்துக்கு இலங்கைச் சட்டம் எண்டும் போடலாம். சீட், எந்த நிறுவனத்தின்ட ரூல்ஸ், எத்தினை ஆர்பிட்ரேட்டர், மொழி, ஒப்பந்தச் சட்டம், எல்லாத்தையும் வெளிப்படையா எழுதுங்க. எஸ்ஐஏசின்ட மாதிரி வாசகம் அவங்கட வெப்சைட்லயே கிடக்கு, அதை மாத்தாமப் போட்டு, சைன் வைக்க முதல் ஒரு லோயரிட்டக் காட்டுங்க.

கப்பல்துறை:
அதோட பாதிக் காசு அட்வான்ஸ், மிச்சத்துக்கு பேங்க் பொறுப்பு நிக்கிற எல்சி கேட்டுப் பாருங்க தம்பி. அதுக்கு மாட்டன் எண்டாரெண்டா எந்த ஊரைப் போட்டும் பிரயோசனமில்ல.