ரயர் இறப்பர்த் துகள் கலந்த நடைபாதைக் கற்கள்: ஆலோசனை தேவை

குழுவிலுள்ள பொறியியலாளர்களுக்கும் கட்டட வேலை அறிந்தவர்களுக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் சிறிய அளவில் இன்ரலொக் கற்கள் வார்த்து வருகிறேன். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்களிலிருந்து, நீர் தேங்கிய பழைய ரயர்களைக் கண்டாலே எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவற்றை அரைத்த துகளை மணலின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம் என்று அறிந்து முயன்றேன்.

முதற் தொகுதி கையாலேயே உதிர்ந்தது. காரணம் பின்னரே புரிந்தது: மணலின் அடர்த்தி இறப்பரினதைப் போல் இரு மடங்குக்கும் அதிகம் என்பதால், கன அளவில் மாற்ற வேண்டியதை நான் நிறையில் மாற்றி (இது முழுக்க என் அவசரம்தான்), நினைத்ததைவிட இரு மடங்குக்கு மேல் இறப்பரைக் கொட்டியிருந்தேன். கன அளவில் 10 சதவீதமாகக் குறைத்த இரண்டாம் தொகுதி பரவாயில்லை. ஆனால் அச்சிலுள்ள கலவையை அதிரவைத்து இறுக்கும் அதிர்வு மேசையில் துகள்கள் மேலே மிதந்து வருகின்றன.

இறப்பர் நீரை ஒட்டவிடாததால் சீமெந்துச் சாந்து அதனை இறுகப் பற்றுவதில்லை. இறப்பர் கூடக் கூட அமுக்க வலிமையும் குறையும். ஆகவே தூண், வளைகளுக்கு இதனைப் பயன்படுத்தும் எண்ணமே இல்லை. முற்றத்துப் பாதைக்கு மட்டுமே.

சாந்து நன்கு பற்றுவதற்காகத் துகளைக் கோஸ்ரிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவியவர்கள், எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள், கழுவிய நீரை எவ்வாறு அகற்றினீர்கள் என்று கூறுவீர்களா? அதற்குப் பதிலாகச் சீமெந்துப் பாலில் புரட்டி உலர்த்தினாற் போதுமா? மிதப்பதைத் தடுக்க நீரைக் குறைப்பதா, அதிர்வு நேரத்தைக் குறைப்பதா? வார்த்து 28 நாட்களான கல்லின் வலிமையைச் சோதித்துத் தரும் ஆய்வுகூடம் திருகோணமலைக்கு அருகில் இருந்தால் அதையும் அறியத் தாருங்கள்.