டைல்ஸ் போடும் முன்: பால்கனியும் அறையும் ஒரே மட்டமா?

புதுவீடு (கேள்வி):
மாடி அறையை ஒட்டி 12 அடி நீளம், 5 அடி அகலத்தில் பால்கனி. தூண் கிடையாது, கேன்டிலீவர் (சுவர்ப்பக்கம் மட்டும் பிடிமானத்தோடு வெளியே நீட்டி நிற்பது). அறை ஸ்லாபை விட 3 அங்குலம் இறக்கிக் கான்கிரீட் போட்டாயிற்று. அந்தப் பள்ளத்தைக் கலவையால் நிரப்பி, அறையோடு ஒரே மட்டமாக டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மழைத்தண்ணீர் உள்ளே வராதா? தண்ணீர் போக ஒரு மூலையில் ஒரே குழாய்தான். வெளி ஓரம் முழுக்க 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் செங்கல் பூத்தொட்டி கட்டவும் ஆசை.

ரசமட்டம்:
அந்த 3 அங்குலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) 80-க்கு 1 வேண்டும், அதாவது 80 அங்குலத் தூரத்துக்கு 1 அங்குலம் இறக்கம். ஒரு மூலையில் மட்டும் குழாய் என்றால் எதிர்மூலை 13 அடி தள்ளி இருக்கிறது. அங்கே தரை 2 அங்குலம் ஏறியாக வேண்டும். வெளி ஓரத்தின் இரு மூலையிலும் குழாய் விட்டால் தூரம் 8 அடிக்குள் அடங்கும், 30 மி.மீ. ஏற்றம் போதும். ஒன்று இலை அடைத்துக்கொண்டாலும் மற்றது காப்பாற்றும்.

இனி உயரக் கணக்கு. குழாய்வாயில் கலவை 20, ஏற்றம் 30, வாட்டர்ப்ரூஃப் பூச்சு, பசை, டைல் சேர்த்து 17. ஆக, கதவருகே 67 மி.மீ. அறைக்குள் கலவையும் டைலும் 50 என்று வைத்தால், ஸ்லாபின் 3 அங்குல (75 மி.மீ.) இறக்கத்தையும் சேர்த்து, பால்கனி இரண்டேகால் அங்குலம் தாழ்ந்து நிற்கும். பெருமழைக்கு அந்த இறக்கம்தான் காவல்.

வாட்டர்ப்ரூஃப் பூச்சைத் தரையோடு நிறுத்தக் கூடாது. சுவரில் 6 அங்குலம் ஏற வேண்டும், கதவுப்படிக் கல்லுக்கு அடியிலும் மடங்கி ஏற வேண்டும். படிக்கல்லை முதலில் பதித்துவிட்டுப் பூச்சை அதன் விளிம்பில் முடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அறைக்குள் கதவோரம் ஓதம் காத்துப் பெயின்ட் உரிவது அதனால்தான். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூராக விடாமல் கலவையால் உருட்டிவிட்டுப் பூசச் சொல்லுங்கள்.

பூச்சு காய்ந்ததும் குழாய்களை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து இரண்டிலும் மட்டத்தைக் குறியுங்கள். இரண்டும் சமமாக இறங்கினால் ஆவியானது. பால்கனி மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு.

தூக்குக்குண்டு:
பூத்தொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே! 12 × 1 × 1½ = 18 கன அடி. ஈரமண் மட்டுமே 800 கிலோவைத் தாண்டும், செங்கல் தனி. பால்கனி தாங்க வேண்டிய சுமையைச் சதுர மீட்டருக்கு 300 கிலோ என்று கணக்கிட்டிருந்தால் மொத்தம் சுமார் 1,670 கிலோ. பாதிதானே என்று நினைக்க வேண்டாம். அந்த 1,670 பரவலாக உட்காருவது, சுவரிலிருந்து சராசரி இரண்டரை அடியில். தொட்டியோ நான்கரை அடியில், நுனியில். வளைக்கும் விசையில் தொட்டி ஒன்றே கிட்டத்தட்ட முழுக் கணக்கையும் தின்றுவிடும். ஆள் நிற்க மிச்சமில்லை. கேன்டிலீவரில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது மிதித்துக் கீழே இறங்கியிருந்தால் பலம் இன்னும் குறைவு. சுவரோரம் தேங்காய்நார்த் துகள் கலந்த சின்னத் தொட்டிகள் வையுங்கள்.

புதுவீடு:
தொட்டியை விட்டாயிற்று. கண்ணாடிக் கைப்பிடியை டைல்ஸ் மேலேயே போல்ட் போட்டு நிறுத்தலாமா?

ரசமட்டம்:
வேண்டாம். போட்ட ஒவ்வொரு துளையும் பூச்சைக் கிழிக்கும். வெளி ஓரத்தில் 4 அங்குலக் கான்கிரீட் வரம்பு எழுப்பி, அதன் மேல்வரை பூச்சை ஏற்றி, கைப்பிடியின் தளத்தகடுகளை (அடியில் போல்ட் போடும் தகடுகளை) வரம்பின் தலையில் பொருத்துங்கள். வரம்பைப் பின்னால் போடுவதால் ஸ்லாபில் கம்பி செருகி எபாக்சி (கல்லாக இறுகும் பசை) வைத்துப் பிடிக்க வேண்டும். வெறும் கலவை நிற்காது. குழாய்வாயில்களை வரம்பு மறைத்துவிடாமல் பாருங்கள். குழந்தை கால் வைத்து ஏறக்கூடிய வரம்பு அது. ஆகவே கைப்பிடியின் 1.1 மீட்டர் உயரத்தைத் தரையிலிருந்து எண்ணாமல் வரம்பின் தலையிலிருந்து எண்ணுங்கள்.