அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது. எதை முதலில் செய்வது?

செந்தூல் மகன்:
அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் கட்டி. தனியார் மருத்துவமனையில் ஊசி பயாப்சி எடுத்துப் புற்றுநோய் என்று உறுதி செய்துவிட்டார்கள். அடுத்த வாரமே ஆபரேஷன், டெபாசிட் கட்டுங்கள் என்கிறார் சர்ஜன். பழைய மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) ஒன்று இருக்கிறது, வருட லிமிட் குறைவு. எச்கேஎல்-க்கு (கோலாலம்பூர் அரசாங்க மருத்துவமனை) மாற்றினால் அதற்குள் பரவிவிடுமோ என்று வீட்டில் வாக்குவாதம். பெரியம்மா நாட்டு வைத்தியம் என்கிறார். அம்மாவிடம் "கட்டி" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.

பங்சார் அக்கா:
தம்பி, டெபாசிட் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஈஆர், பிஆர், ஹெர்2 முடிவு வந்துவிட்டதா? கட்டி ஹார்மோனால் வளர்கிறதா, ஹெர்2 என்ற புரதத்தால் வளர்கிறதா என்று பயாப்சித் துண்டிலேயே பார்க்கும் சோதனைகள் இவை. சிகிச்சையின் வரிசையையே இவைதான் தீர்மானிக்கும். ஹெர்2 பாசிட்டிவ், அல்லது மூன்றுமே நெகட்டிவ் என்று வந்து, கட்டியும் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் கீமோ முதலில், ஆபரேஷன் பிறகு. அவசரத்தில் வெட்டிவிட்டால், மருந்துக்குக் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கும் வாய்ப்பு போய்விடும். ஹெர்2 "2+" என்றிருந்தால் அது முடிவல்ல, ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை வேண்டும், அதற்கும் நாளாகும். இதற்காகச் சில வாரம் ஆவது வழக்கம்தான், பயப்படாதீர்கள். கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று மாதக்கணக்கில் தள்ளுவதுதான் ஆபத்து.

மாற்றுவதாக இருந்தால் வெறும் ரெஃபரல் கடிதத்தோடு போகாதீர்கள். பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள் உள்ள சிடி, லேபில் இருக்கும் கண்ணாடி ஸ்லைடுகள், கட்டித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக் எல்லாம் வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் அவர்களுடைய நிபுணர் ஸ்லைடை மறுபடி பார்ப்பார். ஸ்லைடு இல்லை என்றால் தேதி அங்கேயே சிக்கிக்கொள்ளும். பிளாக்கை வெளியே எடுக்க லேபுக்கு எழுத்துமூலம் கேட்க வேண்டும், அம்மாவின் ஐசி (அடையாள அட்டை) நகலும் கையெழுத்தும் தேவைப்படலாம். இன்றே கேளுங்கள்.

எச்கேஎல், லெம்பா பந்தாயில் உள்ள பிபியுஎம், புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் மூன்றிலும் ஒன்கோலஜி (புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு) உண்டு. பிபியுஎம் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை, கட்டணம் சற்றுக் கூடுதல். எச்கேஎல்-இல் பார்க்கிங் தேடியே அப்பாயின்மென்ட் நேரம் ஓடிவிடும். புத்ராஜெயா லைன் எம்ஆர்டி ரயிலில் மருத்துவமனை பேரிலேயே நிலையம் இருக்கிறது, அதில் போங்கள்.

கணக்குப்பிள்ளை:
பண விஷயம். மெடிக்கல் கார்டு வேறு, கிரிட்டிக்கல் இல்னஸ் (கடும் நோய்) பாலிசி வேறு. பின்னது கையில் மொத்தமாகப் பணம் தருவது. பலர் முதலாவதை மட்டும் கிளைம் செய்து இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஏஜென்டிடம் பழைய பாலிசி எல்லாவற்றையும் தேடச் சொல்லுங்கள். கார்டில் வெளிநோயாளி கீமோவுக்குத் தனி லிமிட் இருக்கிறதா, வருட லிமிட்டிலேயே கழிகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். லிமிட் சிறியது என்றால் ஆபரேஷனைத் தனியாரில் முடித்துவிட்டு, நடுவழியில் கீமோவுக்குப் பணமில்லாமல் நிற்பதைவிட முதலிலேயே மாறுவது நல்லது என்பது என் கருத்து. இந்த நேரத்தில் பிரீமியம் மட்டும் தவறவே கூடாது. வங்கிக் கணக்கில் காசில்லாமல் ஒரு மாதம் வெட்டுப்படாமல் போனால், பாலிசி காலாவதியாகும் அபாயம் உண்டு.

உங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில், அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்குப் பகுதியிலிருந்து, பெற்றோரின் சிகிச்சைக்கும் எடுக்கலாம். அம்மாவோ அப்பாவோ எஸ்டிஆர் (அரசாங்க ரொக்க உதவி) வாங்குபவர் என்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1000 வெள்ளியும் (ரிங்கிட்), போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும் உண்டு. சிகிச்சை தொடங்குமுன்பே ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அம்மா வேலைக்குப் போகிறவரா? 1.1.2023 முதல் மருத்துவமனையில் தங்கும் 60 நாள் விடுப்பு, சாதாரண எம்சி-யிலிருந்து (நோய் விடுப்பு) கழியாது, அது தனி. 60 வயதுக்குள் வேலை செய்ய முடியாத நிலை வந்தால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இலாட் எனும் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். எதுவும் கட்ட முடியாவிட்டால் வார்டில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரைக் கேளுங்கள். கேட்காமல் அவர்கள் வரமாட்டார்கள்.

செந்தூல் மகன்:
நன்றி அக்கா, அண்ணே. லேபுக்கு எழுதிவிட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பவானி, நர்ஸ்:
சொல்லாமல் இருக்க முடியாது தம்பி. ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போடப்போவது அம்மாதான். ஒன்கோலஜி வாசலில் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் தெரிவது மேல். எல்லாரும் கூடி நிற்காமல், அம்மாவுக்கு நெருக்கமான ஒருவர், காலையில் சொல்லுங்கள். "டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்ததும்மா?" என்று தொடங்குங்கள். முக்கால்வாசி அவரே ஊகித்திருப்பார். "அது கேன்சர் கட்டிதாம்மா, சிகிச்சை இருக்கு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அழட்டும். "ஒண்ணுமில்லை, சரியாயிடும்" என்று உடனே மறிக்காதீர்கள், பயத்தைப் பேச இடமில்லாமல் போய்விடும். இரண்டு வாரமாகியும் தூக்கம், சாப்பாடு இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. உங்களுக்கும் அதே விதிதான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: எம்ஆர்ஐ, ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்றச் சொல்வார்கள். அங்கே நின்று கேட்டால் அம்மா உடைந்துவிடுவார். முந்தின நாளே வீட்டில், மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டி மாற்றிவிடுங்கள். மூக்குத்தியும் அன்றே எடுக்கட்டும், இறுகிப்போனது அவசரத்தில் வராது.

பெரியம்மாவைப் பகைக்க வேண்டாம். ரசத்தில் போடும் மஞ்சள் பரவாயில்லை. கஷாயம், மஞ்சள் கேப்சூல் எல்லாம் கீமோ நாட்களில் வேண்டாம், கல்லீரல் எண் ஏறினால் கீமோ தள்ளிப்போகும். பத்தியம் என்று முட்டை, மீனை நிறுத்தவும் வேண்டாம்.

பங்சார் அக்கா:
கீமோ தொடங்கினால் இதை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்: காய்ச்சல் 38 டிகிரி என்றால் நள்ளிரவானாலும் நேரே எமர்ஜென்சி. அளக்கும் முன் பெனடோல் (பாராசிட்டமால்) கொடுக்காதீர்கள், காய்ச்சலை மறைத்துவிடும். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் ஏறக்குறைய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு கீழே இருக்கும். கவுன்டரில் "கீமோ எடுப்பவர், கடைசி டோஸ் இந்தத் தேதி" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், வரிசையில் உட்கார வைக்கமாட்டார்கள். பல மருந்துகளில் முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். பத்துமலையில் மொட்டை என்று அம்மா நேர்ந்துகொண்டால் முதல் கீமோவுக்கு முன்பே போய்வாருங்கள். பிறகென்றால் சவரக் கத்தி வேண்டாம், மெஷினால் எடுக்கட்டும்.