மறு: நாய் தடுப்பூசி அட்டைக்கு ‘அட்வர்ஸ் ரியாக்‌ஷன்’ – தமிழில் என்ன போடலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாளாக இழை ஓடுகிறது, ஒரு சொல்லுக்கு ஒன்பது பரிந்துரை வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினால் அட்டை அச்சாகாது. உறுத்தியவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

> ‘ஒவ்வாமை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல்லால் சூடுபட்டவன் நான். எங்கள் பழைய நாய்க்கு ஊசி போட்டுத் திரும்பும் வழியில் காருக்குள் வாந்தி எடுத்தது. தொலைபேசியில் சொன்னோம். அடுத்த முறை போனபோது அட்டையில் சிவப்பு மையில் ‘ஊசி ஒவ்வாமை’ என்று எழுதிவிட்டார்கள். அந்த இரண்டு சொல்லைப் பார்த்து நாங்களும் பயந்தோம், பிறகு பார்த்த மருத்துவரும் தயங்கினார். இரண்டு ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி இல்லாமலே போயிற்று. மூன்றாவதாக ஒரு மருத்துவர்தான் கேட்டார்: “காரில் போனால் வழக்கமாக வாந்தி எடுக்குமா?” எடுக்கும். எப்போதும் எடுக்கும். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஆகவே நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, இரண்டு. ஊசிக்குப் பிறகு நடந்த கெடுதல் ஒன்று, ஊசியால் நடந்த கெடுதல் இன்னொன்று. ஆங்கிலத்தில் முதலாவதை ‘அட்வர்ஸ் ஈவென்ட்’ என்றும் இரண்டாவதை ‘அட்வர்ஸ் ரியாக்‌ஷன்’ என்றும் பிரிக்கிறார்கள். 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்தது. ஊசி போட்ட மூன்று நாளுக்குள் ஏதோ ஒன்று பதிவானது 10,000 நாய்க்கு ஏறத்தாழ 38. அந்த 38இலும் எல்லாமே ஊசியின் வேலை என்று சொல்ல முடியாது, பதிவில் இருந்தது ‘பிறகு’ மட்டும்தான். எடை குறைந்த நாய்களிலும், ஒரே நாளில் பல ஊசி போட்டவற்றிலும் எண்ணிக்கை கூடியது. இப்படி ஒரு கணக்கைத் தமிழில் எழுத நேர்ந்தால், காரணம் சொல்லாத ஒரு சொல் கையில் இல்லாமல் தடுமாறுவோம்.

> முதலாவதற்குப் ‘பாதக நிகழ்வு’, இரண்டாவதற்குப் ‘பாதக எதிர்வினை’.

அம்மா, ‘பாதகம்’ என்றால் என் காதில் பஞ்சமா பாதகம்தான் விழுகிறது. ஒரு நாள் சோறு தின்னாமல் படுத்திருந்த நாய்க்கு இத்தனை பெரிய சொல்லா? அது போகட்டும். ‘எதிர்வினை’தான் எனக்குப் பெரிய தடை. உடம்பு எதிர்வினை காட்ட வேண்டும் என்றுதானே ஊசியே போடுகிறோம்! பேச்சில் முன்சொல் உதிர்ந்துவிடும். ‘எதிர்வினை இருந்தது’ என்று அட்டையில் இருந்தால், ஊசி நன்றாக வேலை செய்தது என்றுகூடப் படிக்கலாம்.

என் பரிந்துரை: ஈவென்டுக்குப் பின்னேர்வு. பின் + நேர்வு, பின்னாள் போல. ‘பின்விளைவு’ ஆகாது, விளைவு என்றாலே விதைத்தவன் ஒருவன் இருக்கிறான். நேர்வுக்கு அந்தச் சுமை இல்லை. அதே நேரம் “என்ன நேர்ந்தது?” என்று நல்லதுக்கு யாரும் பதறிக் கேட்பதில்லை, எனவே ‘அட்வர்ஸ்’ தனியாக ஒட்டாமலே உள்ளே வந்துவிடுகிறது. ‘பின்னேரம்’ மாதிரி ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் கிண்டல் செய்தார். ஒலிக்கட்டும், மாலையில்தானே பலருக்கும் நாய் சுணங்கிக் கிடப்பது கண்ணில் படுகிறது.

ரியாக்‌ஷனுக்கு வேண்டாவிளைவு, ‘வேண்டாத’ என்பதன் ஈறு உதிர்ந்த வடிவம். இதில் காரணம் உண்டு, மிரட்டல் இல்லை. லேசான காய்ச்சல், தொட்டால் வலி, ஓரிரு நாள் சோர்வு முதல் உயிராபத்து வரை எல்லாம் அடங்கும். ‘ஈறுகெட்ட எதிர்மறையெல்லாம் இலக்கியத்தில் நன்றாக இருக்கும், அட்டையில் எடுபடாது’ என்பவர்களுக்கு ஒரு சொல்லை நினைவூட்டுகிறேன்: காணாக்கடி. நம் பாட்டிகள் எந்தக் குழுவும் கூட்டாமல் சொன்ன சொல்.

இப்போதுள்ள எங்கள் நாய் ஆறு கிலோ, குட்டை முடி. போன ஆண்டு ஊசி போட்டு இருபது நிமிடம் இருக்கும், மூக்கைத் தரையில் தேய்க்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிமை உப்பியது, மேலுதடு தடித்தது. முதுகில் முடி அங்கங்கே கொத்துக் கொத்தாக எழும்பி நின்றது. விரலால் தடவினால் அடியில் மேடு மேடாக இருந்தது. அதுதான் காணாக்கடி. அப்படியே திரும்பிப் போய் மருந்து ஏற்றினார்கள், இரவுக்குள் வடிந்தது. இதற்கு ‘ஒவ்வாமை’ என்று எழுதுங்கள், தாராளமாக. பின்னேர்வுக்குள் வேண்டாவிளைவு, வேண்டாவிளைவுக்குள் ஒவ்வாமை. இந்த வரிசை கலையக் கூடாது.

> அனாஃபிலாக்சிஸ் = ‘ஒவ்வாமை அதிர்ச்சி’?

அனாஃபிலாக்சிஸ் என்பது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. நாய்க்கு ‘அதிர்ச்சி’ என்ற சொல் பொருந்தவே பொருந்தாது. அதிர்ச்சி என்று படிக்கும் வீட்டுக்காரர், நாய் திடுக்கிடும் என்று காத்திருப்பார். நாய்க்கோ இதில் பெரும் அடி வாங்குவது ஈரல். திடீர் வாந்தி, கழிச்சல், ஈறு வெளுத்துப்போதல், துவண்டு விழுதல், இப்படித்தான் வரும். அட்ரினலின் என்ற மருந்து உடனே போக வேண்டும். அட்டையில் ‘கடும் ஒவ்வாமை – உடனே மருத்துவரிடம்’ என்று போட்டு, மருத்துவர் பகுதியில் அனாஃபிலாக்சிஸ் என்றே விட்டுவிடலாம்.

இந்தச் சொல்லே நாயிடமிருந்து பிறந்தது என்பது இழையில் யாரும் சொல்லாத செய்தி. 1902இல் ரிஷே, போர்ட்டியே என்ற பிரெஞ்சுக்காரர்கள் கடல் சாமந்தி என்ற கடலுயிரியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய் இரண்டாம் ஊசிக்குப் பழகியிருக்கும் என்று நினைத்தால், சில வாரம் கழித்துக் கொடுத்த சிறு அளவிலேயே நிமிடக் கணக்கில் செத்துப்போனது. காப்புக்கு நேர்மாறு என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து சொல் கட்டினார்கள். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு. அவர்களும் நம்மைப் போலத்தான் ஒரு சொல்லுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விழி நீலம் பூப்பதற்கு இழையில் வந்த ‘நீலக்கண்’ணை ஏற்கிறேன். நாய்க்கு ஈரல் அழற்சி தரும் அடினோவைரஸுக்கு எதிரான பழைய ஊசிக்குப் பிறகு சில நாய்களுக்கு அப்படி ஆனது. ஊசியில் வைரஸின் முதல் வகையை எடுத்துவிட்டு இரண்டாம் வகையை வைத்தபின் அது அரிதாகிவிட்டது. அட்டைக்குத் தேவையில்லை, அகராதிக்குப் போகட்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஊசி போட்ட இடத்தில் சிறிதாக உருண்டு நின்று, பெரும்பாலும் சில வாரத்தில் தானே கரைவது. ‘கட்டி’ என்றால் புற்றோ என்று பயப்படுகிறார்கள், ‘வீக்கம்’ என்றால் முக வீக்கத்தோடு குழம்புகிறது. ‘ஊசித்திரளை’ என்று எழுதிப் பார்த்தேன், மனைவி சிரித்துவிட்டார். வெள்ளிக்குள் வேறு ஏதாவது வந்தால் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.